தாளின் இரண்டு ஓரங்கள்

களியக்காவிளையில் செல்போன் கடைக்கு மேல்மாடி.
பலகை அடைத்த சின்ன அறை,
உள்ளே ஒரு நாற்காலி, ஹெட்போன், ஒரு பொத்தான்.
கேட்டால் அழுத்தணும்,
கேட்காவிட்டால் சும்மா இருக்கணும்.
ஆட்கள் எந்த இடத்தில் கேட்காமல் போகிறார்கள் என்று
தாளில் புள்ளி வைப்பது என் வேலை.
தாள் இருநூற்றைம்பதில் தொடங்கும்,
எட்டாயிரத்தில் முடியும்.
அதற்கு இரு புறமும் விரல் அகலத்துக்கு வெள்ளை,
ஸ்டேப்ளர் குத்த.

செவ்வாய்க்கிழமை லில்லிபாய் வந்தார்.
ரப்பர் தோட்டத்தில் நாற்பது தேனீப் பெட்டி வைத்திருக்கிறார்,
ஒன்பது போயிற்று.
"அந்து கேறிச்சு சார், மெழுகு முழுக்க நூலாம்படை."
ஒன்றைத் தீப்பெட்டியில் கொண்டுவந்திருந்தார்,
காது பார்க்கிறவனிடம் எதற்கென்று அவருக்கே தெரியாமல்.
திறந்தால், அணைந்த பீடித் துண்டுபோல் கிடந்தது.
செத்ததென்று மேசையிலேயே விட்டுப் போனார்.

சாகவில்லை.
எட்டரைக்குக் குழல்விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்தது.
பூட்டுவதற்குச் சாவிக்கொத்தை எடுத்தேன், குலுங்கியது.
பொத்தென்று தரையில் விழுந்தது, சிறகு மடக்கி.
சாவிக்குள் ஒரு வௌவால் கத்தியிருக்கிறது,
அதற்கு மட்டும்.

ராத்திரி போனில் தேடிப் படித்தேன்.
வளர்ந்த அந்து ஒன்றும் தின்பதில்லை;
தின்று தீர்த்ததெல்லாம் புழுக்காலத்தில்.
மிச்சமுள்ள கொஞ்ச நாளுக்கு
அதன் கையில் இருப்பது காதுதான்.
மூன்று லட்சம் ஹெர்ட்ஸ் வரை கேட்குமாம்.
அவ்வளவு உயரத்தில் கத்துகிற வௌவாலே கிடையாது.
பிறகு எதற்கு?
சரியாகத் தெரியவில்லை என்று போட்டிருந்தது.
அந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

வியாழக்கிழமை தூத்தூர் சிலுவைப்பிச்சை.
இருபத்தெட்டு வருஷம் எஞ்சின் பக்கம் படுத்த காது,
நாலாயிரத்தில் கிணறு தோண்டியிருந்தது.
அதைக் காட்டினேன், அவர் பார்க்கவில்லை.
"லட்சத்தீவுக்கு மேக்க, எஞ்சின் அணைச்ச ராத்திரி.
காதில கேக்கல்ல பிள்ளே, பலகையில கிடந்த முதுகில கேட்டேன்.
ஓங்கலல்ல. ஓங்கலுக்க அப்பனுக்க அப்பன்.
வெளுக்கம்ப பாத்தா, வள்ளத்துக்க அடியில
நீலமா ஒரு ரோடு போவுது."

நீலத் திமிங்கலம்.
அடிக்குரல் இருபதைத் தொடும், சிலசமயம் அதற்கும் கீழே.
மத்தியானம் ஆள் இல்லை, கணக்குப் போட்டேன்:
நூறு கோடி அந்து சேர்ந்தால் ஒரு திமிங்கலம்.
நாட்டில் ஆளுக்கொன்று பங்கு வைத்தால்
நாற்பது கோடிப் பேர் சண்டைக்கு வருவார்கள்.
ஒன்றுக்கு வாய் இருந்தும் இல்லை,
மற்றது வாயைத் திறந்தால் என் அறை உள்ளே போகும்,
நாற்காலியோடு, நோயாளியோடு.
ஆனால் ஆண் அந்து சிறகை விசிறிக் கூப்பிடுகிறது
பெட்டிமூடிக்கு அடியில் இரண்டு முழத்துக்குள் ஒருத்தியை.
அதுவும் கூப்பிடுகிறது,
எத்தனையோ கல் தள்ளி எவளோ கேட்பாள் என்று.
நடுவில் நாங்கள்:
டீக்கு ஒரு மொழி, சில்லறைக்கு ஒரு மொழி,
திருவனந்தோரம் திருவனந்தோரம் நாரோல் நாரோல்,
கோயில் மைக், கொத்துபரோட்டாத் தகரம்.
இதைத்தான் சத்தம் என்று அளந்துகொண்டிருக்கிறேன்.

இடது காது முடிந்தது.
இயந்திரத்தை நிறுத்தினேன்.
கண்ணாடிக்கு அந்தப்புறம் அவர் கண் மூடியிருந்தார்.
பொத்தானை அழுத்தினார்.

நான் எதுவும் அனுப்பவில்லை.

காத்திருந்தேன். மறுபடி அழுத்தினார்,
இந்தத் தடவை விரலை எடுக்கவே இல்லை.
பயிற்சியில் சொல்லித் தந்திருக்கிறார்கள்:
தவறான பதில், கணக்கில் சேர்க்காதே.

வெள்ளை ஓரத்தில், இடப்பக்கம்,
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.
ஸ்டேப்ளரை அதற்குக் கொஞ்சம் மேலே தள்ளிக் குத்தினேன்.